ஜன்னலோரச் சீட்டும் அக்காவின் முன்பல்லும்

அக்காவின் முன்பல் போன அன்று அந்த மலைப் பஸ்ஸில் இருந்தவர்கள்: எப்படியும் வீடு போய்ச் சேர்வது என்று கிளம்பிய டிரைவர், டிக்கெட் கிழிப்பதைவிடக் கேலி பேசுவதில் கெட்டிக்காரரான கண்டக்டர், கடுக்காய் மூட்டையோடு மலைக்காரர் ஒருவர், மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக அக்கா. அவள் மடியில் ஒரு கூடை சீத்தாப்பழம், காலடியில் இன்னொரு கூடை. பஸ்ஸுக்கு வெளியே, சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரத்துக்குப் பின்னால், எங்கள் ஊர்ப் பையன்கள் பதினைந்து இருபது பேர். என் கூட்டாளியும் அவர்களில் ஒருவன். அங்கே இல்லாதவர்கள்: அப்பா, அம்மா, போலீஸ், நான். நான் இல்லை என்பதை அன்று சாயங்காலத்துக்குள் பத்துப் பேரிடமாவது நிம்மதியாகச் சொல்லியிருப்பேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளையெல்லாம் மறித்த ஆண்டு அது. அந்த வாரத்தில் வேறு ஊர்களில் நடந்தவற்றில் சிரிக்க ஒன்றுமில்லை, அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் எங்கள் தெருவில் நடந்தது இதுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, வெட்கம் பின்னால் ஓடி வருகிறது.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் எழுதப்பட்டதெல்லாம் கைநாட்டுதான். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றாள், கற்ற எழுத்தும் மறந்துபோயிற்று. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போக, ஆட்டை ஓட்டிப்போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் ஆட்டோடு போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். வளர்ந்த பிறகு அவள் சொந்தமாக வியாபாரம் தொடங்கினாள். வாரா வாரம் மத்தியான பஸ்ஸில் கரியாலூர் ஏறிப்போய், பழம் பறிக்கும் ஒரு மலைக்காரம்மா வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் கூடையோடு இறங்குவாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவள் குரல் கொடுத்தால் தூங்குகிற டிரைவர்கூட எழுந்து பழம் வாங்குவான்.

மறியலுக்கு நாள் குறித்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் என்னைத் தேடி வந்தார்கள். மரம் வெட்ட அல்ல. "உம்மேல கேஸ் வுழுந்தா கவருமெண்டு வேல கெடைக்காது. நீ ரோட்டுக்கு வராத. செவுத்துல எழுதிக் குடு, உன் எழுத்து அச்சுல போட்டமாரி இருக்குது" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோரிக்கை நியாயமானது என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அதோடு என் எழுத்து அழகானது என்றும் நம்பினேன். இரண்டு நம்பிக்கையும் சேர்ந்தால் ஒரு மனிதன் எத்தனை சுவர் வேண்டுமானாலும் எழுதுவான்.

பதினோரு சுவர் எழுதினேன். வாசகமும் என்னுடையதே. "நாளை முதல் சாலை மறியல். பொதுமக்கள் பேருந்தில் பயணம் செய்ய வேண்டாம். மீறிப் பயணம் செய்வோரின் உயிருக்கும் உடைமைக்கும் நாங்கள் பொறுப்பல்ல." அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் பெரிதாக, கொம்பை யானைத் தந்தம்போல வளைத்து எழுதுவேன். பதினோராவது சுவர் கரியாலூர் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது. நானும் கூட்டாளியும் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனோம். அதற்குள் காவியில் கலக்கிற வஜ்ஜிரப் பசை தீர்ந்துவிட்டது. "வெறுந்தண்ணியில கொழச்சி அடிடா, எவன் வந்து தடவிப் பாக்கப் போறான்?" என்றான் கூட்டாளி. அடித்தேன். மேலே இருந்து தொடங்கி எழுதியதால் கடைசி வரி தரையோடு தாழ்ந்து வந்துவிட்டது. மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தெருமுனையில் கூட்டாளியின் சைக்கிள் வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு கூடை, கேரியரில் அக்கா, அவள் தலையில் இன்னொரு கூடை. வாயில் துண்டு, துண்டில் ரத்தம். சைக்கிளை மிதித்து வந்தவன் ஓவென்று அழுதுகொண்டு வந்தான். உட்கார்ந்து வந்தவள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அம்மா அலறினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. பல்லுதான்" என்றாள் அக்கா. சொன்னபோது வாயிலிருந்து ஒரு சன்னமான விசில் வந்தது. தானே அதைக் கேட்டுத் திகைத்து, மறுபடி "பல்லுதான்" என்று சொல்லிப் பார்த்தாள். மறுபடி விசில்.

நடந்தது இவ்வளவே. ராத்திரி மலையில் நின்ற பஸ்ஸை டிரைவர் காலையில் கீழே இறக்கிவிட்டார். அடிவாரத்தில் புளியமரம் கிடந்தது. பையன்கள் கத்தினார்கள். ஹெட்லைட்டை உடைப்பது என்று என் கூட்டாளி ஒரு கல்லை எடுத்தான். அவன் குறி எங்கள் ஊரே அறிந்தது. மாங்காய்க்கு எறிந்தால் மாரியம்மன் கோயில் மணி அடிக்கும். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் அக்காவின் மடிக்கூடையைக் காட்டி, "ஏம்மா, மடியில ஒக்காந்துகினு வருதே, இதுக்கு அரை டிக்கெட் போடறதா, இல்ல கைக்கொழந்தன்னு வுட்டுடறதா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். கல் வந்தது. முப்பத்தொன்று ஆயிற்று.

உதடு வீங்கினது நாலு நாளில் வடிந்துவிடும். பல் வடிந்து வருமா? அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதாம்பூலம். நைனார்பாளையத்து மாப்பிள்ளை, டிராக்டர் ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா, "இந்தப் பொண்ணு சிரிச்சா வூடே வெளிச்சமா ஆவுது" என்று சொல்லித்தான் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்காவும் அந்த டிராக்டர்காரரை இரண்டு முறை திரும்பிப் பார்த்திருந்தாள். ஒன்பது நாள் இருந்தது.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான். ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி.

"இன்னாத்துக்குடி ஜன்னல் ஓரம் ஒக்காந்த? நடுவுல ஒக்காரக்கூடாது?" இது டீக்கடைக்காரர்.

"நடுவுல ஒக்காந்தா பக்கத்துல ஆம்பள வந்து ஒக்காருவான். அதுக்கும் நீங்கதான வந்து கேப்பீங்க?" என்றாள் அக்கா, விசிலோடு.

எதிர்வீட்டு அத்தை தாடையில் கை வைத்துக்கொண்டார். "பொம்பள புள்ள பஸ்ஸுல பல்லக் காட்டி சிரிக்கலாமா? வாய மூடிக்கினு வந்திருந்தா கல்லு பல்லுல பட்டிருக்குமா, சொல்லு?"

"ஒதட்டுல பட்டிருக்கும் அத்தே."

"ஒதடு வளரும்டி. பல்லு வளருமா?"



அம்மா பல்லி சொன்ன பலனைச் சொன்னாள். கிளம்பும்போது தெற்கே கத்தியதாம். அப்பா, "நான் அப்பவே சொன்னேன், போவாதன்னு" என்றார். அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. மாட்டிடம் சொல்லியிருக்கலாம், அவர் மனசில் இருப்பதையெல்லாம் அதனிடம்தான் சொல்வார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கூட்டாளியே கேட்டுவிட்டான். "ஏங்க்கா, நீ அந்தப் பக்கத்து சீட்டுல ஒக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

கல்லை எறிந்தவன் அவன். அதுவும் தெருவுக்கே தெரியும். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாவம், நம்ம புள்ள. வேணும்னா எறிஞ்சான்? குறி தப்பிப்போச்சி" என்று அவனுக்கு மோர் கொடுத்தார்கள். அக்காவுக்கு உப்புத் தண்ணீர்.

நான் அதுவரை பேசாமல் இருந்தேன். படித்தவன் கடைசியாகப் பேசினால்தான் எடுபடும் என்று எனக்கு ஓர் எண்ணம். எழுந்து நின்றேன்.

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். ஊரெல்லாம் பெருசு பெருசா எழுதிப் போட்டிருக்குது, பஸ்ஸுல போவாதீங்கன்னு. கரியாலூருலகூட எழுதியிருக்குது. எச்சரிக்கை குடுத்த பெறகும் ஏறுனா அது ஏறுனவங்க பொறுப்பு. நம்ம ஜாக்கிரதைய நாமதான் பாத்துக்கணும்."

கூட்டம் தலையாட்டியது. டீக்கடைக்காரர், "அதான், படிச்ச புள்ள சொல்லுது பாரு" என்றார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் கொப்பளிக்க எழுந்து திரும்பினாள்.

மலைக்குப் போகும்போது குளிருக்காகப் புடவைக்கு மேலே என் பழைய வெள்ளைச் சட்டையைத்தான் அவள் போட்டுக்கொள்வாள். எங்கள் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் ஆண்பிள்ளைச் சட்டை போடுவது வழக்கம். அந்தச் சட்டையின் முதுகு முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ரத்தம்!" என்றாள் அம்மா.

"என் சட்டைய இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றேன் நான். சட்டையின் கவலை முதலில் வந்தது, வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை, காவி. காவியில் ஏதோ வளைவுகள், சுழிகள். தலைகீழும் இல்லை, நேரும் இல்லை. ஒரு கொம்பு மட்டும் யானைத் தந்தம்போல வளைந்திருந்தது. ஓடிப்போய் அப்பா சவரம் செய்கிற கைக்கண்ணாடியை எடுத்து வந்து அவள் முதுகுக்கு நேரே பிடித்தேன். அச்சுப் போட்டதுபோல, என் எழுத்து.

"இன்னாடா அப்டிப் பாக்கற? எதுனா எழுதியிருக்கா?"

"ம்."

"படிச்சிக் காட்டு."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் மோரைப் பார்த்தான்.

"நாங்கள் பொறுப்பல்ல" என்றேன்.

"யாரு நாங்க?"

அந்தக் கேள்வியை இன்றுவரை எந்தத் தேர்விலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"நாங்கன்னா... இவங்க. பசங்க."

"நீயும் அதுல இருக்கியா?"

"எழுதுனதே நான்தாங்க்கா."

பஸ் வர நேரமாகும் என்று அவள் அந்தச் சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பனியில் காயாத காவி சட்டையில் ஏறிக்கொண்டது. பக்கத்தில் இருந்த மலைக்காரரிடம் "இன்னா எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கும் படிக்கத் தெரியாது. "எதுனா சினிமாவா இருக்கும்" என்றாராம். அவள் அன்று ராத்திரி மலையில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் சுவரில் எழுதிய இடத்துக்கு அவள் தங்கிய வீடு கூப்பிடு தூரம். எழுத்து எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு தடவை பார்த்தேனே தவிர, நாலு எட்டு நடந்துபோய் "அக்கா, நாளைக்கு பஸ் ஏறாதே" என்று சொல்லத் தோன்றவில்லை.

இவ்வளவும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்க, அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வீங்கிய உதடு வலிக்க வலிக்க, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, விசிலடித்து விசிலடித்துச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டானாம்! நான் ஆடு மேய்ச்சி இவன படிக்க வெச்சனாம்! இவன் படிச்சிட்டு வந்து, எனக்குப் படிக்கத் தெரியாததுல எழுதி, என் முதுவுலயே ஒட்டி அனுப்பிக்கிறான்!"

சிரிப்பு தொற்றுநோய். அப்பாவுக்குப் பிடித்தது, மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சிரித்தார். எதிர்வீட்டு அத்தைக்குப் பிடித்தது. சிரித்து முடித்ததும் அக்கா சட்டையைத் துவைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் திருவிழா. களமருதூரிலிருந்து மாமா வந்தார். மறியல் என்பதால் பாதி தூரம் நடந்து, பாதி தூரம் மாட்டுவண்டியில் தொற்றி வந்தவர், உட்காருவதற்கு முன்னாலேயே, "ஏம்மா, இந்தமாரி நாள்ல வெளிய வரலாமா?" என்றார்.

"நீங்க எப்டி மாமா வந்தீங்க?" என்றாள் அக்கா.

மாமா தன் கால் புழுதியைப் பார்த்தார்.

"தம்பி, கண்ணாடி எடுத்தாடா."

நான் கண்ணாடி எடுத்து வருவேன். அவள் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டுவாள். நான் பிடிப்பேன். வந்தவர்களுக்குப் படிக்கத் தெரிந்தால் அவர்கள் படிப்பார்கள், தெரியாவிட்டால் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். "யாரு எழுத்து இது?" என்று கேட்பாள். "என் எழுத்து" என்று சொல்ல வேண்டும். "கல்லு யாருது?" என்பாள். கூட்டாளி மூலையிலிருந்து "என்துங்க" என்பான். அவனும் தினமும் வந்துவிடுவான், வராவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள். அதற்குப் பிறகுதான் வந்தவர்களுக்குப் பழம். பக்கத்துத் தெருக்களிலிருந்து இதைப் பார்க்கவே வந்தார்கள். விற்காமல் கிடந்த இரண்டு கூடையும் இப்படியே காலியாயிற்று.

நாலாவது நாள் டீக்கடைக்காரர் வேறு பக்கம் சாய்ந்தார். "அப்ப எழுதுனவந்தான் தப்பு. ஏறுனவ மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா அதையும் விடவில்லை. "இருங்க. எம்மேல ஒண்ணுமே இல்லன்னு யாரு சொன்னா? மரம் கண்ணுக்குத் தெரிஞ்சதுமே கண்டக்டர் ஷட்டர எறக்குங்கன்னாரு. எனக்கு மூடுனா கொமட்டும். எறக்கல. அது என் மடத்தனம்தான். நான் படுத்துக்கினு அத நெனச்சித் திட்டிக்கிறேன். ஆனா அது எனக்கு நானே சொல்லிக்க வேண்டியது. கல்ல எறிஞ்சவன் வந்து எங்கிட்ட சொல்லக்கூடாது. எழுதிட்டுப் போனவனும் சொல்லக்கூடாது."

டீக்கடைக்காரர் பழத்தின் கொட்டையைத் துப்பினார். "அப்ப நான் சொல்லலாமா?" என்றார்.

"நீங்க மொதல்ல எறிஞ்சவங்கிட்ட ஏண்டா எறிஞ்சன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் எங்கிட்ட சொல்லுங்க."

இதெல்லாம் சரி. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரே பயம். பெண்ணுக்கு முன்பல் இல்லை என்றால் தாம்பூலத் தட்டு திரும்பிப்போய்விடும். பல் கட்டுகிற கடை கள்ளக்குறிச்சியில். மறியல் முடிந்தும் அது திறக்கவில்லை. கூட்டாளி ஒரு வழி கண்டுபிடித்தான். தேங்காய்ப் பத்தையைப் பிளேடால் சீவி ஒரு பல் செய்து, மலைத் தேன்மெழுகு வைத்து ஒட்டினான். அசல் பல்லைவிட அழகாக இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பழுப்பேறிவிடும். ஆகவே சட்டைப்பையில் மூன்று உபரிப் பல்லோடு வந்து நின்றான். அக்காவுக்கு இதில் மனமில்லை. அம்மா அழுததால் ஒத்துக்கொண்டாள். "சிரிக்காதடி, உன் கால்ல வுழறேன்" என்றாள் அம்மா.

அக்கா சிரிக்கவில்லை. பட்டுப் புடவையில், உதட்டைக் கூட்டி, கல்போல உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிச்சய ஓலை படிக்கிற நேரம் வந்தது. எழுதியது நான்தான், வேறு யார் எழுதுவார்கள்? நின்று படித்தேன். நாள், முகூர்த்தம், பெண் இன்னார், மாப்பிள்ளை இன்னார். கடைசி வரி: "திருமணச் செலவுக்கு இரு வீட்டாரும் சமமாகப் பொறுப்பு..."

அந்தச் சொல்லில் என் குரல் தடுக்கியது. கண்கள் தாமாக அக்காவிடம் போயின. அவள் கண்களும் என்னிடம் வந்தன. அவ்வளவுதான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அணை உடைந்தது. சிரிப்போடு தேங்காய்ப் பல்லும் துள்ளி வந்து தாம்பூலத் தட்டில், மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அதை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். "இன்னாது, தேங்காயா?"

"அவ மேலதாங்க தப்பு" என்று அம்மா கை கூப்பினாள். "ஜன்னல் ஓரம் ஒக்காந்துட்டா. அறியாத புள்ளைங்க..."

"அம்மா, சும்மா இரு" என்றாள் அக்கா. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், கூடை, அரை டிக்கெட், கல், சுவர், சட்டை, இறக்காத ஷட்டர். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல விசில் வந்தது. டிராக்டர்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார், அவர் தோளும் குலுங்கியது.

"எறிஞ்சவன் எங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

கலர் சோடா பாட்டில் தட்டோடு நின்ற என் கூட்டாளி, தட்டை இறக்கி வைக்காமலே காலில் விழப் பார்த்தான். இரண்டு பாட்டில் உருண்டன.

"எழுதுனவன்?"

நான் ஓலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "பல்ல எண்ணிப் பாத்து ஓட்டிக்கினு போவ இது இன்னா மாட்டுச் சந்தையாங்க? பொண்ணு எங்க பொண்ணு. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்குள்ள அவ வாயில பல்லு இருக்கணும். உங்க வூட்டு செலவுல இல்ல. இவனுங்க ரெண்டு பேரு சம்பாதிச்சி கட்டணும்." தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "இனிமே இந்தமாரி நாள்ல ஷட்டர எறக்கிக்கோம்மா. கொமட்டுனா கொமட்டிட்டுப் போவுது."

"சரிங்க அத்தே" என்றாள் அக்கா, உடனே.

எட்டு நாளாக ஊரே சொன்ன அதே பேச்சுதான். ஆனால் இவர் எறிந்தவனைக் கேட்ட பிறகு சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

சீத்தாப்பழம் முடிகிறவரை நானும் கூட்டாளியும் வாரா வாரம் அக்காவோடு மலை ஏறினோம். கூடை சுமந்தோம், பஸ் ஸ்டாண்டில் கூவி விற்றோம். எங்கள் கூவலுக்கு ஒருவரும் திரும்பவில்லை, அவள் விசிலுக்குத் திரும்பினார்கள். மலைப் பஸ்ஸில் அவளே ஜன்னலோரம் உட்காருவாள். புளியமரம் கிடந்த இடம் வந்ததும் ஷட்டரை இறக்கிக் கூட்டாளியை ஒரு பார்வை பார்ப்பாள், தாண்டியதும் ஏற்றிவிடுவாள். காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சுவரில் இருந்த எழுத்தைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன். அவள் முதலில் படித்த சொல் "பொறுப்பல்ல" என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கள்ளக்குறிச்சியில் பல் கட்டினோம். கடைக்காரர் தொகையைச் சொன்னதும், முக்கால் பங்கு எறிந்தவனுக்கு, கால் பங்கு எழுதினவனுக்கு என்று அக்கா முன்பே தீர்த்து வைத்தபடி எடுத்து வைத்தோம். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஷட்டருக்குத் தன் பங்கு என்று ஒரு நாணயத்தை மேசையில் வைத்தாள். கடைக்காரர் அது கணக்குக்கு மேலே இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றாள். ஆக அவன் அறுபது, நான் இருபது, அக்கா ஒன்று: எண்பத்தொரு ரூபாய்.